போர்த் தண்ணீரில் நைட்ரேட் 92: யூரியாவைக் குறைத்தால் மட்டும் போதுமா?

அத்திபெலே தோட்டம் எழுதியது:

பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல் தாலுகா, அத்திபெலேயை ஒட்டி 3 ஏக்கர். செம்மண், ஒன்றரை அடிக்குக் கீழே சரளை. முட்டைகோஸ், தக்காளி, இடையில் கொத்தமல்லி. தக்காளிக்குச் சொட்டு நீர், மற்றதெல்லாம் பாத்தியில் பாய்ச்சல்.

போர் 850 அடி, கேசிங் (துளைக்குள் இறக்கும் காப்புக் குழாய்) 80 அடி. லேப் ரிப்போர்ட்: நைட்ரேட் 92, குளோரைடு 110, டிடிஎஸ் (மொத்தக் கரைந்த உப்பு) 640, ஃப்ளோரைடு 0.8 (எல்லாம் லிட்டருக்கு மி.கி.). இ.கோலை (மலக் கிருமி) இல்லை. தோட்டத்து வீடுகளில் இருக்கும் 22 பேரும் இதைத்தான் குடிக்கிறார்கள்.

கோஸுக்கு ஏக்கர் கணக்கில் போகும் உரம்: கோழி எரு 4 டன், டிஏபி 2 மூட்டை, யூரியா 3 மூட்டை (அடியுரமாக ஒன்று, மேலுரமாக இரண்டு).

கேள்விகள்: (1) இந்த 92-க்கு உரம்தான் காரணமா? (2) யூரியாவை நிறுத்திவிட்டுக் கோழி எரு மட்டும் போட்டால் சரியாகுமா? (3) வயலில் ஓடும் மழைத்தண்ணீரைக் குழி எடுத்துப் போருக்குள்ளேயே இறக்கினால் நைட்ரேட் நீர்த்துப்போகும் என்று போர் வண்டிக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

---

செம்மண் கணக்கு பதில்:

முதலில் ரிப்போர்ட்டில் அந்த 92 ‘நைட்ரேட்டாக’ எழுதப்பட்டதா, ‘நைட்ரேட்-நைட்ரஜனாக’ எழுதப்பட்டதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். நம் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்தின் 45 என்பது நைட்ரேட்டாக. அதற்கு மேல் தளர்வு கிடையாது. நைட்ரஜனாகச் சொன்னால் அதே வரம்பு 10 சொச்சம். உங்கள் டிடிஎஸ் 640 என்பதால் 92 நைட்ரேட்டாகத்தான் இருக்கும். இரண்டாவது வகை என்றால் நைட்ரேட் மட்டுமே 400-ஐத் தாண்டியிருக்கும், குளோரைடையும் கால்சியத்தையும் சேர்த்தால் கணக்கு உதைக்கும்.

இனி தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கு, ஒரு ஏக்கர் கோஸுக்கு:

டிஏபி 2 மூட்டை (50 கிலோ, 18 சதம்): 18 கிலோ
யூரியா 3 மூட்டை (இப்போது மூட்டை 45 கிலோதான், 46 சதம்): 62 கிலோ
கோழி எரு 4 டன், 2.5 சதம் என்று வைத்தால்: 100 கிலோ. இந்தப் பயிருக்குள் கிடைப்பது பாதி என்று எடுத்தாலும் 50.
போர்த் தண்ணீர்: 33 கிலோ.

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. 92 மி.கி. நைட்ரேட்டில் தழைச்சத்து 20 மி.கி.க்குச் சற்று மேல். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 4,047 லிட்டர். பயிர்க்காலத்தில் 400 மி.மீ. பாய்ச்சினால் 16 லட்சம் லிட்டர், அதில் 33 கிலோ தழைச்சத்து. ஒன்றரை மூட்டை யூரியாவுக்கு மேல் உங்கள் மோட்டாரே போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆக மொத்தம் 163. ஏக்கருக்கு 25 டன் விளைந்தால் செடி முழுவதுமாக எடுப்பது ஏறத்தாழ 90 முதல் 100. அதிலும் தலையோடு தோட்டத்தை விட்டு வெளியேறுவது டன்னுக்கு 2 கிலோ சுமார், அதாவது 50. மீதி வெளியிலையிலும் தண்டிலும் தங்கி, மடக்கி உழுததும் சில வாரங்களில் மறுபடி நைட்ரேட் ஆகிவிடும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, மண் துகளுக்கும் அதே சுமை. மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும்.

எவ்வளவு கசிந்தால் கெடும்? ஒரு ஏக்கரில் 100 மி.மீ. தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே இறங்கினால் 4 லட்சம் லிட்டர். அதை 45-க்குக் கொண்டுபோக வெறும் 4 கிலோ தழைச்சத்து போதும். 9 கிலோ யூரியா. நீங்கள் போடும் மொத்தத்தில் 2, 3 சதம்தான் அது. ‘அளவாகப் போடுகிறேன்’ என்பவர் கிணற்றிலும் வரம்பு தாண்டுவது இதனால்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. மூட்டையிலிருந்து வந்தாலும் கோழிப் பண்ணையிலிருந்து வந்தாலும் மண்ணுக்குள் முடிவில் அது நைட்ரேட்தான். சொல்லப்போனால், எருவின் முழு 100 கிலோவையும் எண்ணினால் உங்கள் கணக்கில் பெரிய ஆள் கோழி எருதான், யூரியா இல்லை. எருவை நிறுத்தவும் சொல்லவில்லை. 4 டன்னை 1.5 டன் ஆக்கி, மீதிக்கு மாட்டுத் தொழு உரம் போடுங்கள். தொழு உரத்தில் 0.5 சதம்தான், அதுவும் மெதுவாக விடும்.

---

பாறைப்பிளவு பதில்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் உரம்தான் காரணம் என்று அதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மூன்றாவது கேள்வி முதலில், ஏனென்றால் அது அவசரம்: வேண்டாம். வயல் ஓட்டத்தைப் போருக்குள் விடுவது தண்ணீரை நீர்க்கச் செய்வதில்லை; நைட்ரேட்டும் பூச்சிமருந்தும் மண்ணைத் தொடாமலே கீழே போக வாசல் திறந்துவிடுவது. கேசிங்கில் ஓட்டை போட்டு, சுற்றி ஜல்லி நிரப்பும் அந்தக் குழியில் சேறு வடிகட்டப்படும். கரைந்த உப்பு எந்த ஜல்லியிலும் நிற்காது. கூரைத் தண்ணீரை, முதல் மழையை வெளியே தள்ளிவிட்டு இறக்குவதானால் பரவாயில்லை. வயல் தண்ணீருக்குப் பண்ணைக்குட்டை வெட்டித் திரும்பப் பாய்ச்சுங்கள்.

இ.கோலை இல்லை என்பதால் சாக்கடை இல்லை என்று ஆகாது. கிருமியை மண் வடிகட்டிவிடும், நைட்ரேட்டை வடிகட்டாது. ஒரு ஆள் வருஷத்துக்குக் கழிக்கும் தழைச்சத்து சுமார் 4 கிலோ. 22 பேருக்கு 88 கிலோ, யூரியாவாகச் சொன்னால் 4 மூட்டைக்கு மேல். செப்டிக் டேங்கில் அதில் குறைவது கொஞ்சம்தான். வயலில் போடும் உரத்தைப் பயிராவது தின்னும். உறிஞ்சு குழியில் இறங்குவதைத் தின்ன அங்கே வேரே இல்லை. உங்கள் குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம்? அதை எழுதவே இல்லையே.

குளோரைடு 110 ஒரு சின்னத் துப்பு. கழிவுநீர் என்றால் நைட்ரேட்டோடு குளோரைடும் சேர்ந்து ஏறும். ஆனால் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு உரம்) போடுகிறவர் நிலத்திலும் குளோரைடு ஏறும், அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் வீடு இல்லாத ஒரு வயல் போரில் இதே இரண்டையும் பார்த்து ஒப்பிடுங்கள். அங்கே நைட்ரேட் மட்டும் உயர்ந்து குளோரைடு 40, 50 என்றால் உங்கள் வளாகத்துக் குழி மேல் சந்தேகம் வலுக்கும். உறுதியாகத் தெரிய நைட்ரஜன் ஐசோடோப் சோதனை உண்டு: ரசாயன உரம் என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், எருவும் கழிவும் என்றால் 10-க்கு மேல் போகும். ஆனால் கோழி எரு போட்ட நிலத்தில் அதுவும் எருவையும் கழிவையும் பிரித்துச் சொல்லாது, காசுதான் வீண்.

அடுத்தது போரின் வாய். பெங்களூரைச் சுற்றி எல்லாம் கிரானைட், நைஸ் பாறை. மேலே சிதைந்த மண்டலம், கீழே பிளவுகள். நைட்ரேட் அதிகம் இருப்பது மேல் மண்டலத்தில். கேசிங்குக்கும் துளைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இங்கே பெரும்பாலும் துளையிட்ட தூளையே தள்ளி மூடிவிடுகிறார்கள். அது மூடியது ஆகாது, 80 அடிக்கு ஒரு வடிகால்.

இருக்கிற போருக்கு: கேசிங்கைச் சுற்றி 3 அடி அகலம், 3 அடி ஆழம் தோண்டி, அடியில் 2 அடி பென்டோனைட் களிமண்ணைச் சற்று ஈரமாக்கித் தட்டி நிரப்பி, மேலே வெளிப்பக்கம் சரிவாக கான்கிரீட் மேடை. கேசிங் வாய் தரைக்கு மேல் 2 அடி நிற்கட்டும். இது மேலிருந்து இறங்கும் ஒழுக்கை மட்டும் தடுக்கும், 60 அடியில் பக்கவாட்டில் வருவதைத் தடுக்காது.

புதிதாகப் போடுவதானால் 7 அங்குல கேசிங்குக்கு 10 அங்குலத் துளை, கெட்டிப் பாறைக்குள் உட்காரும் வரை. இடைவெளியில் சிமெண்ட் பால், மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். 80 அடிக்குக் கணக்கு 630 லிட்டர், 16 மூட்டை பிடிக்கும். வெடிப்பில் குடிப்பதற்கு இரண்டு சேர்த்து வையுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலே நிரம்பும்படி பம்ப் செய்ய வேண்டும்.

‘இன்னும் ஆழமாகப் போடலாம்’ என்பார்கள். ஆழத்தில் நைட்ரேட் குறையலாம். ஆனால் கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து ஆழ்போர்களில் ஃப்ளோரைடும் யுரேனியமும் ஏறியிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டு இன்னொன்றில் விழ வேண்டாம்.

---

குடிநீர்க் குழாய் பதில்:

நிலம் சரியாக வருஷங்கள் ஆகும். 22 பேர் இன்றைக்கும் குடிக்கிறார்கள், அதைப் பற்றிக் கொஞ்சம்.

காய்ச்சினால் போகாது, கூடும். பாதியாகச் சுண்டினால் 92 என்பது 184. யூவி, கார்பன், செராமிக் கேண்டில், குளோரின் எதுவும் தொடாது. வீட்டு மாடியில் வைக்கும் சாஃப்ட்னரும் இல்லை; அது கால்சியத்தைப் பிடிப்பது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் பால்பவுடர் கரைக்க இந்தத் தண்ணீர் கூடவே கூடாது, இன்றிலிருந்து கேன் தண்ணீர். நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி ஆக்கும். உதடும் நகமும் நீலமாகும்.

நைட்ரேட்டை எடுப்பது ஆர்ஓ, அல்லது நைட்ரேட்டுக்கென்றே உள்ள அயனிப் பரிமாற்ற ரெசின். சாதாரண அயனி ரெசின் சல்பேட்டை முதலில் பிடிக்கும். நிரம்பியதும் பிடித்து வைத்த நைட்ரேட்டை மொத்தமாகக் கக்கும், வரும் தண்ணீரைவிட வெளியேறும் தண்ணீர் மோசமாகிவிடும். 22 பேருக்கு ஆர்ஓ போதும்.

ஆர்ஓவில் ஒரு பொறி உண்டு: ‘டிடிஎஸ் கண்ட்ரோலர்’ என்று ஒரு திருகு. சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை)ச் சுற்றிக் கொண்டுவந்து கலப்பது. மெம்பிரேன் புதிது, 90 சதம் பிடிக்கிறது, 20 சதம் கலக்கிறது என்றால் 92 என்பது 26 ஆகும், நல்லது. மெம்பிரேன் தேய்ந்து 70 சதத்துக்கு இறங்கி, சர்வீஸ் ஆள் திருகை 30 சதத்துக்கு வைத்துவிட்டுப் போனால் 47. மீட்டரில் டிடிஎஸ் அழகாகத்தான் காட்டும். திருகை முழுக்க மூடுங்கள்.

கழிவு வாயில் வருவது இன்னும் கெட்டி. மூன்று லிட்டர் விட்டு ஒன்று குடிக்க எடுத்தால் மீதி இரண்டில் 130-க்கு மேல். அதை மழைநீர்க் குழிக்குத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். வாழைக்கு விடுங்கள்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை 20 நிமிடம் ஓடவிட்டு, டேங்க்கில் இல்லாமல் போர் வாயிலேயே பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் லேப். வெயிலில் நின்ற பாட்டிலில் கிருமிகள் கணக்கை மாற்றிவிடும்.

---

அத்திபெலே தோட்டம் எழுதியது:

நன்றி. விட்டுப்போன தகவல்: உறிஞ்சு குழி போரிலிருந்து 35 அடி, ஆழம் 12 அடி, கல் அடுக்கியது. சொட்டு நீரில் உரத்தை உறிஞ்சிக் கலக்கும் வென்சூரி போர் ஷெட்டுக்குள்ளேயே இருக்கிறது, உரம் கரைக்கும் 200 லிட்டர் டிரம்மும் அங்கேதான். தினமும் மூன்று நான்கு முறை கரண்ட் போகும்.

உரத்தை எந்த அளவுக்குக் குறைத்தால் விளைச்சல் விழாது?

---

பாறைப்பிளவு பதில்:

12 அடி ஆழம், 35 அடி தூரம். இனி ஐசோடோப் எதற்கு. அந்தக் குழியை மூடிவிட்டு, செப்டிக் டேங்க்கிலிருந்து வருவதைப் போருக்குச் சரிவில் கீழ்ப்பக்கமாக, குறைந்தது 100 அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழ வாய்க்காலில் ஓட்டையிட்ட பைப் வைத்துப் பரப்புங்கள். இரு பக்கமும் கோ-4 தீவனப்புல் அல்லது வாழை. ஆழக் குழியில் வேருக்குத் தப்புவது, ஆழமில்லாத வாய்க்காலில் வேரின் வாயிலேயே போய் விழும். புல்லை வெட்டி வெளியே எடுத்துப் போக வேண்டும், அங்கேயே மக்கவிட்டால் பயனில்லை.

வென்சூரி விஷயம் இன்னும் பயமாக இருக்கிறது. கரண்ட் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் போருக்குள் திரும்பி ஓடும். ஓடும்போது டிரம்மில் இருக்கும் உரக் கரைசலையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நேராக 850 அடிக்கு. போருக்கும் வென்சூரிக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணீரைத் திரும்ப விடாதது), அதற்குப் போர் பக்கமாக ஒரு ஏர் வால்வ், டிரம்மிலிருந்து வரும் டியூபில் தனியாக ஒரு சின்ன நான்-ரிட்டர்ன். மூன்றும் வேண்டும். மோட்டாரின் அடியில் இருக்கும் வால்வ் மட்டும் போதும் என்பார்கள், அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் கதை முடிந்தது. டிரம்மை ஷெட்டை விட்டு வெளியே வயல் பக்கம் தள்ளுங்கள்.

---

மேலுரம் பதில்:

விளைச்சல் கேள்விக்கு. ‘செம்மண் கணக்கு’ சொன்ன 33 கிலோவை யூரியாவிலிருந்து முழுதாகக் கழிக்கலாம், தண்ணீரில் இருப்பது ஏற்கெனவே நைட்ரேட். பயிர் உடனே எடுக்கும். ஆனால் எரு, யூரியா எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், நடுவில் நாலு பாத்தியைப் பழைய அளவிலேயே விட்டு எடை போட்டுப் பாருங்கள்.

எனக்கு அளவைவிட நேரம் முக்கியம். அடியுர யூரியாவை முதலில் நிறுத்துங்கள். நட்ட கோஸ் முதல் மூன்று வாரத்தில் எடுப்பது மிகச் சொற்பம். பெரும்பசி தலை கட்டத் தொடங்கும்போதுதான். டிஏபியிலும் எருவிலும் இருப்பது ஆரம்பத்துக்குப் போதும். யூரியாவை 20, 35, 50-ம் நாள் என்று மூன்றாகப் பிரியுங்கள். வேப்பம் பூசியது என்று தைரியமாக மொத்தமாகப் போடுகிறார்கள். அது நைட்ரேட்டாக மாறுவதைச் சில வாரம் தள்ளிப்போடும், நிறுத்தாது. தவிர, யூரியா அமோனியாவாக உடைவதற்கு முன் முதல் இரண்டு நாளில் அதுவே தண்ணீரோடு இறங்கும், அதையும் மண் பிடிக்காது. ஆகவே மழை முன்னறிவிப்பு இருந்தால் போடாதீர்கள். நமக்கு மே மாதம் ஒரு முறை, செப்டம்பர்–அக்டோபரில் ஒரு முறை என்று மழை குவியும். பெரிய மேலுரம் அந்த வாரங்களில் விழாதபடி நடவுத் தேதியைத் தள்ளுவதே பாதி வேலை.

சொட்டில் விடும்போது உரம் முதலில் போய் அதன்பின் ஒன்றரை மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடினால், நீங்களே கழுவி இறக்கியது போல. ஒரு மணி நேரப் பாசனம் என்றால் முதல் 20 நிமிடம் வெறும் தண்ணீர், அடுத்த 25 நிமிடம் உரம், கடைசி 15 நிமிடம் குழாய் கழுவ. 30 செ.மீ., 60 செ.மீ. ஆழத்தில், மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காட்டும் இரண்டு டென்சியோமீட்டர். மேல் மீட்டர் 25, 30 சென்டிபார் காட்டும்போது தண்ணீர் விடுங்கள். விட்ட பிறகு அடி மீட்டர் முள்ளும் இறங்கினால் வேரைத் தாண்டிப் போய்விட்டது, அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். கொத்தமல்லிப் பாத்திப் பாசனம்தான் உங்கள் பெரிய ஓட்டை. வேர் ஒரு அடிகூட இல்லை, பாய்ச்சுவதோ இரண்டு அங்குலம். மழைத்தூவான் குழாய்க்கு மாறுங்கள்.

கோஸ் வெட்டியதும் நிலத்தைச் சும்மா போடக் கூடாது. தீவன மக்காச்சோளமோ கேழ்வரகோ நெருக்கமாக விதையுங்கள், வேர் ஆழம் போய் தப்பியதை மேலே கொண்டுவரும். சணப்பு போடலாமா என்று கேட்பீர்கள். மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் அது தானே தழைச்சத்து சேர்க்கும் பயிர், இந்த வேலைக்கு ஆள் அது இல்லை. தீவனத்தைப் பூ வந்த பிறகு, தரையிலிருந்து அரை அடி விட்டு அறுங்கள். அடித்தண்டில்தான் நைட்ரேட் சேரும். வறட்சியில் வாடி, மழை பெய்த மறுநாளே அறுத்துப் போட்டால் மாடு சாயும்.

---

அத்திபெலே தோட்டம் எழுதியது:

மேலுரம் போடும் முன் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று தோட்டத்திலேயே பார்க்க வழி உண்டா? ஜிகேவிகேக்கு (பெங்களூரு வேளாண் பல்கலை வளாகம்) அனுப்பினால் ரிப்போர்ட் வருவதற்குள் நாள் தாண்டிவிடும்.

---

செம்மண் கணக்கு பதில்:

உண்டு. மீன்தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் பட்டை போதும். ஒரு லிட்டர் வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) 1.5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து, அளவுக் குழாயில் 30 மி.லி. எடுங்கள். பத்து இடத்தில் ஒரு அடி ஆழம் வரை எடுத்துக் கலந்த மண்ணை, தண்ணீர் மட்டம் 40 மி.லி. வரும்வரை போட்டுக் குலுக்குங்கள். தெளிந்ததும் பட்டையை மேல் நீரில் நனைத்து, பெட்டியில் போட்ட நேரத்துக்குப் பார்க்க வேண்டும். பட்டை காட்டுவது நைட்ரேட். ஈரமான செம்மண்ணுக்கு அதை 2-ஆல் வகுத்தால் மண்ணின் நைட்ரேட்-நைட்ரஜன் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கிடைக்கும். ஒரு பிபிஎம் என்றால் ஏக்கரின் மேல் ஒரு அடிக்கு 1.7 கிலோ. 20-க்கு மேல் வந்தால் 34 கிலோ நிற்கிறது, அந்தத் தடவை மேலுரம் போட வேண்டாம். பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

வடிநீர் தீர்ந்துவிட்டது என்று போர்த் தண்ணீரில் கரைத்துவிடாதீர்கள். அதிலேயே 92 இருக்கிறது, பட்டை எப்போதும் சிவந்தே நிற்கும்.

---

குடிநீர்க் குழாய் பதில்:

அதே பட்டையால் ஆர்ஓ தண்ணீரையும் மாதம் ஒரு தடவை பாருங்கள், 25-ஐத் தாண்டினால் மெம்பிரேனைக் கவனியுங்கள். போருக்கு லேப் சோதனை வருஷத்துக்கு இரண்டு: மே முதல் வாரம் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. மழைக்குப் பிந்தையது எப்போதும் அதிகமாகவே வந்தால் மேலிருந்து புதிதாக இறங்குகிறது என்று அர்த்தம், கேசிங் மேடையைத் திரும்பப் பாருங்கள்.